குரக்கன் கும்பிட்ட காலைகள்

அன்பான அப்பா,

முதலில் நல்ல செய்தி. குரக்கன் முளைத்துவிட்டது.

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, நீங்கள் செய்வதுபோலவே செய்தேன். அவண் அடுப்பின் பெரிய தட்டில் மண்ணைப் பரப்பி, முதல்நாளே ஊறப்போட்டிருந்த குரக்கனைத் தூவி, ஈரச் சீலையால் மூடி, குளியலறையின் சூடான தரையில் வைத்தேன். மூன்றாம் நாள் சீலையைத் தூக்கினால் வெள்ளை வெள்ளையாக ஊசிமுனைகள். "அப்பா, வந்து பாருங்கோ" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது.

எங்கள் கோவில் ஆட்கள் நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, அச்சடிக்கும் மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு தடவை மாட்டேன் என்றேன். இப்போது நானாகவே கேட்டு வாங்கி எழுதுகிறேன். ஏனென்றால் உங்களை எல்லோருக்கும் முன்னால் பொய்யன் என்று சொன்னவள் நான். அது பிழை என்பதையும் எல்லோருக்கும் முன்னால்தான் சொல்லவேண்டும். உங்களோடு தனியே கதைத்துத் தீர்க்கிற வாய்ப்பை நான் தவறவிட்டுவிட்டேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் பஸ் ஓட்டினீர்கள். பெரும்பாலும் பின்னேர வேலை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு உங்களிடம் இருந்த சாட்சிகள் எல்லாம் பஸ்ஸின் முன்கண்ணாடியூடாகக் கண்டவை. கண்ணாடியில் வந்து ஒட்டும் பனித்துகளின் ஆறு மூலை, இலையுதிர்காலத்தில் தெற்கே பறக்கும் வாத்துக் கூட்டம், சிவப்பு விளக்கில் நிற்கும்போது தாயின் தோளில் நித்திரையாகிப்போன ஒரு குழந்தையின் காது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பீர்கள். தானாய் வருமோ?

"இந்த ஒரு பஸ் நேரத்துக்கு வாறதுக்கு எத்தினை பேர் இருந்து யோசிச்சு அட்டவணை எழுதுகினம். சூரியன் மட்டும் தானாய் வருமோ, பிள்ளை?"

ஒஸ்லோவில் மார்கழிச் சூரியன் ஒன்பது மணிக்குப் பிறகு வந்து மூன்றரைக்கு முதல் போய்விடுகிறது, இப்படி வேலை செய்கிற ஓட்டுநரை வைத்திருப்பார்களா என்று நான் கேட்டேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. அது குளிர்கால அட்டவணை என்றீர்கள். அம்மா அப்போதும் சிரிக்காமல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் சாட்சிகளுக்குள் பெரிய சாட்சி குரக்கன்தான். கேழ்வரகு என்றும் அதைச் சொல்வார்கள். பாலன் குடிலுக்குப் பச்சைப்புல் வேண்டும். வெளியே முழங்கால் அளவு பனி. அதனால் ரொம்மனில் எங்கள் நான்காம் மாடி வீட்டுச் சமையலறையில், யன்னலோரத்து மேசையில், அந்தத் தட்டு நத்தார் வரைக்கும் இருக்கும். எதிர்ச்சுவரில் யேசுவின் திருஇருதயப் படமும் அதன் கீழே சின்னச் சிவப்பு மின்குமிழும். பின்னேரத்தில் பார்த்தால் புல் முழுவதும் யன்னல் பக்கம் சாய்ந்து நிற்கும். கண்ணில்லை, மூளையில்லை, யன்னல் எங்கே என்று இதற்கு ஆர் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது என்று தலையாட்டுவேன்.

அதைவிட அதிசயம் காலையில்தான். ஏழு மணிக்கு நீங்களும் நானும் எழும்பி வருவோம். அம்மா ஐந்து மணிக்கே துப்புரவு வேலைக்குப் போயிருப்பார். வெளியே இன்னும் இருட்டு, யன்னலில் நீல நிறத்தில் பனி, கீழே தே-பானா நகர ரயில் வெளிச்சப் பெட்டிகளாக ஓசையில்லாமல் போகும். சமையலறை விளக்கைப் போடமாட்டீர்கள். சிவப்புக் குமிழின் வெளிச்சத்தில் தட்டைப் பார்ப்போம். இரவு யன்னலைப் பார்த்து நின்ற புல் இப்போது மறுபக்கம் திரும்பி, திருஇருதயப் படத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு காலையும் அப்படித்தான்.

"பகல் முழுக்க வெளிச்சத்தைப் பாத்தது. விடிய வெளிச்சத்தைத் தந்தவரைப் பாக்குது" என்பீர்கள், மெதுவாக, புல்லுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. நான் இரவு உடுப்போடு, வெறுங்காலோடு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் வாழ்க்கையில் அதைவிட நிச்சயமாக எதையும் நான் நம்பியதில்லை.

அந்த நம்பிக்கையோடுதான் பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கினேன். அன்று அறிவியல் பாடம். நோர்வேக்காரர் ஈஸ்டருக்கு முளைக்கவைக்கும் கார்ஸ என்ற கீரை விதையை ஆசிரியர் ஒரு பெட்டிக்குள் வளர்த்திருந்தார். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் துவாரம், செடி எல்லாம் அந்தப் பக்கம். நான் எழும்பி, எங்கள் வீட்டில் பகலில்தான் அப்படி, காலையில் புல் யேசுவைப் பார்க்கும் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். யாரோ தட்டைத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உங்களிடம் வந்து கேட்டேன். "அப்பா, நீங்கள் தட்டைத் திருப்பினனீங்களோ?"

"நான் ஏன் திருப்பப்போறன்?" என்றீர்கள்.

நான் நம்பவில்லை. யார்தான் இருக்கிறார்கள் வேறு? இரவு வேலை முடிந்து வந்து, எல்லோரும் நித்திரையான பிறகு தட்டைத் திருப்பிவிட்டுப் படுக்கிறீர்கள் என்று முடிவுகட்டினேன். பத்து வயதுப் பிள்ளைக்குச் சாட்சியும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். கடவுள் இல்லாமல் போனதுகூட எனக்குப் பெரிதாக இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் எனக்குப் பொய்க்காட்சி காட்டினீர்கள் என்பதுதான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு காலையில் தட்டுப் பக்கமே நான் போகவில்லை. நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு வளர்ந்தேன், பல்கலைக்கழகம் போனேன், உயிரியல் படித்தேன். அதை எடுத்ததே உங்களோடு வாதாடத்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். முழுவதும் பொய்யில்லை. நிழல் பக்கத்துக் கலங்கள் கூடுதலாக நீள்வதால் தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது, யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று படம் கீறிக் காட்டினேன். அதை நீங்கள் ஆசையோடு பார்த்துவிட்டு, எவ்வளவு வடிவாய் யோசிச்சுச் செய்திருக்கிறார் என்றீர்கள். எனக்கு விசர் வந்தது. நான் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அதையும் எடுத்து உங்கள் பக்கத் தராசில் போட்டுவிடுவீர்கள்.

அதனால் பிழைகளைத் தேடத் தொடங்கினேன். கண்ணுக்குள் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது, அதை வடிவமைத்தவர் யார்? உங்கள் முழங்கால் நோவை வடிவமைத்தவர் யார்? கன தூரம் ஓடின பஸ் அப்படித்தான் என்று முழங்காலைத் தட்டிச் சிரித்தீர்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அவ்வளவு ஒடுக்கம், ஒன்று அடைத்தால் மாற்றுவழி இல்லை, ஒரு முதலாமாண்டு மாணவன்கூட இதைவிட நன்றாகக் கீறுவான் என்று ஒருநாள் சொன்னேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பங்குனி மாதம் டிப்போவின் ஓய்வறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நீங்கள் சரிந்தபோது, மருத்துவர் எனக்குக் கீறிக் காட்டிய படம் அதேதான். அந்த வாதத்தில் வென்றதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அப்பா.

ஒரேயொரு தடவை நாங்கள் இரண்டுபேரும் வாதாடவில்லை. நத்தாருக்கு அடுத்தநாள் கடல் ஊருக்குள் வந்த வருடம். குடில் இன்னும் கழற்றவில்லை, புல் பச்சையாக நிற்கிறது, தொலைக்காட்சியில் முல்லைத்தீவு. எனக்குக் கேள்வி வாய் நுனிவரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். நீங்களும் தானாய் வருமோ என்று கேட்கவில்லை. ஒரு குவளையில் தண்ணீர் எடுத்துவந்து புல்லுக்கு ஊற்றினீர்கள். அன்று நீங்கள் யாரோடு கோபித்துக்கொண்டு நின்றீர்கள்?

போன வருடத்துக்கு முந்தைய வருட நத்தாருக்கு வருகிறேன். அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பூசை முடிந்து வீடு நிறைய ஆட்கள், திராமனிலிருந்து சித்தப்பா குடும்பம், உங்களோடு பஸ் ஓட்டுகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நீங்கள் பிள்ளைகளைத் தட்டுக்கு முன்னால் நிறுத்தி, இரவு இங்கே தங்கினால் விடியக் காட்டுகிறேன், புல் ஆண்டவரைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். அந்த வரிசையில் என்னைக் கண்டேன். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

"அப்பா பொய் சொல்லுறார். அவர்தான் ஒவ்வொருநாளும் தட்டைத் திருப்பி வைக்கிறவர். எங்கடை வீட்டுக் கடவுளுக்குப் பஸ் லைசென்ஸ் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். போன வருடம் நீங்கள் குரக்கன் போடவில்லை. குடிலில் பச்சைக் கடுதாசி ஒட்டியிருந்தது. யாரோ ஏன் என்று கேட்டதற்கு நேரமில்லை என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்த வருடம் கோவிலில் குடில் கட்டுகிறவர்கள் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். மகள் போடுவாள் என்று என்னைக் கேட்காமலே அம்மா சொல்லிவிட்டார். கடவுளை நம்பாதவள் பாலன் குடிலுக்குப் புல் வளர்க்கலாமா என்று எனக்கே யோசனைதான். ஆனாலும் ஒரு மாதத்துக்கு என் வாடகை அறையைப் பூட்டிவிட்டு ரொம்மனுக்கு வந்துவிட்டேன். உங்கள் கட்டிலில் படுக்க மனமில்லாமல் என் பழைய அறையில் படுக்கிறேன்.

போன வியாழக்கிழமை தட்டை முதல்தடவையாக யன்னலோரத்து மேசையில் வைத்தேன். இரண்டு விரல் உயரப் புல். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாம் யன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. காலையில் திருப்பி வைக்கலாம் என்று விட்டுவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு எழும்பி வந்தேன். விளக்கைப் போடவில்லை, ஏனென்று தெரியாது. யன்னலில் அதே நீலம். கீழே அதே ரயில். சிவப்புக் குமிழின் வெளிச்சத்தில் தட்டைப் பார்த்தேன்.

புல் திருஇருதயப் படத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

அப்பா, நான் தரையில் இருந்துவிட்டேன். திருப்புகிற ஆள் நீங்கள், நீங்கள் இல்லை, ஆனால் புல் திரும்பி நிற்கிறது. கலம், நிழல் பக்கம், வெளிச்சப் பக்கம், படித்த ஒன்றும் கிட்ட வரவில்லை. கடவுள் என்று நினைத்தேனா? இல்லை. வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வேலை முடிந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, தட்டைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று. வானம் வெளிக்கும் வரைக்கும் அந்தத் தரையில் நான் பத்து வயதாக இருந்தேன். அந்த நேரத்தை யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

பத்து மணிக்கு அம்மா வேலையால் வந்தார். தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். தட்டைத் தொட்டீர்களா?

"ஓம். திருப்பி வைச்சிட்டுத்தான் போனனான். ஒரு பக்கம் சாய விட்டால் விழுந்திடுமெல்லோ."

எப்போதிருந்து என்று கேட்டேன். எப்போதும்தான் என்றார். நான் பிறக்க முதல், அந்தத் தட்டு இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து. ஐந்து மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பையோடு, மற்றக் கையால் தட்டைச் சுற்றி வைத்துவிட்டுப் போவாராம். அது அவருக்கு அடுப்பை நிறுத்தியாயிற்றா என்று பார்ப்பதுபோல ஒரு வேலை.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே. நீங்கள் ரெண்டுபேரும் கடவுளைப் பற்றியெல்லோ கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

சிரித்தேன், அப்பா. பிறகு அழுதேன். பதினைந்து வருடம் ஒரே மேசையில் இருந்து வாதாடினோம். ஒரு கை இருக்கிறது என்று நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன். யாருடைய கை என்பதில் இரண்டுபேருமே பிழை. அந்தக் கை எங்களுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்திப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

நீங்கள் பொய் சொல்லவில்லை. நான் ஏன் திருப்பப்போறன் என்று நீங்கள் சொன்னது உண்மை. நீங்களும் என்னைப்போலவே விடிய எழும்பி வந்து, அதிசயத்தைக் கண்டு, நம்பி நின்ற ஒரு ஆள். என் கையைப் பிடித்திருந்தது ஏமாற்றுக்காரனின் கை இல்லை. எனக்குப் பயம் பிடிக்காமல் இருக்க நீங்கள் பிடித்தீர்கள் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்ததோ?

என்னை மன்னியுங்கள், அப்பா. இதைவிட அழகாகச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போனவள்தானே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நான் அப்படிச் சொன்னபோது அம்மா வாசலில் பலகாரத் தட்டோடு நின்றிருக்கிறார். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை என்று சொல்லி, இப்போதும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். "எல்லாரும் சிரிக்க அவர் திரும்பி என்னைப் பாத்தவர். பாத்திட்டுத்தான் சிரிச்சவர்" என்றார்.

அப்படியென்றால் அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் அந்தச் சிரிப்பை நீங்களே வாங்கிக்கொண்டீர்களா? போன வருடம் குரக்கன் போடாதது என்னால் நொந்துபோயா, இல்லை, இத்தனை வருடம் விடிய ஐந்து மணிக்கு அம்மா செய்த வேலையைக் குறைக்கவா? அம்மாவுக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையாம், அவரும் சொல்லவில்லையாம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கட்டி வாழ்ந்த ஆட்கள் இப்படித்தான் கதைத்துக்கொள்வார்களா?

கடவுள் இருக்கிறாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு மகள் திருந்திவிட்டாள் என்று யாரும் பூசை வைக்கவேண்டாம். ஆனால் தானாய் வருமோ என்ற கேள்வியை நான் இப்போது வேறு இடங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். மடித்து வைத்த துவாய், வாசலில் நேராக நிற்கும் என் சப்பாத்து, குளிரில் நான் போவதற்கு முன்பே சூடாகியிருக்கும் அறை. ஒன்றும் தானாய் வரவில்லை, அப்பா.

குடிலுக்குப் புல் போக இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இப்போது நல்ல பச்சை, விழாமல் நிற்கிறது. நேற்றுத்தான் ஒன்று எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் அந்த அதிசயத்தை ஒருநாளும் காணாத ஆள் அம்மா மட்டும்தான். ஒவ்வொரு காலையும் அவர் கண்டது யன்னலைப் பார்த்துச் சாய்ந்த வெறும் புல்லைத்தான்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு நான் அம்மாவுக்கு முதல், நாலு மணிக்கே எழும்புவேன். விளக்குப் போடாமல் தட்டைத் திருப்பி வைத்துவிட்டு என் அறைக்குள் போய்விடுவேன். அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் பையோடு சமையலறைக்குள் வரும்போது, சிவப்பு வெளிச்சத்தில் புல் ஏற்கனவே படத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கட்டும். நான் கதவிடுக்கால் அவருடைய முகத்தைப் பார்ப்பேன். பார்த்ததை உங்களுக்கு வந்து சொல்வேன்.

இந்த மலர் அச்சாகி வந்து அவர் இதை வாசிக்க முதல், பத்து மணிக்கு வந்து, தட்டைத் திருப்பினது நீயோ என்று என்னைக் கேட்பார். என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நான் ஏன் திருப்பப்போறன்?

உங்களுக்கும், தட்டைத் திருப்பிய அந்தக் கைக்கும் பிறந்த,
உங்கள் குஞ்சு